க்ளே ஷூட்டிங்கில தட்டு ஏன் தப்புது: நான் விட்ட பிழையள், நீங்கள் விடாதீங்கோ

கொழும்பில இருந்துகொண்டு ஷொட்கன்னால க்ளே தட்டு, அதாவது மெஷினால ஆகாயத்தில எறியிற சின்னத் தட்டு, சுடுறன் எண்டு சொன்னா நம்மட ஆக்கள் முதல் கேக்கிறது "உனக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை" எண்டுதான். லைசன்ஸ் அலைச்சல், தோட்டா விலை, ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி ஓடுறது எல்லாத்தையும் சேத்துப் பாத்தா கேள்வி நியாயம்தான். ஆனா தமிழனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டு மட்டும் சொல்லேலாது, புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2023இல ஹாங்சோ ஆசிய விளையாட்டில இந்திய ட்ராப் (முன்னால இருந்து தூரப் பறக்கிற தட்டைச் சுடுற போட்டி) டீமோட தங்கம் எடுத்தவர், அடுத்த வருசம் பாரிஸ் ஒலிம்பிக்கிலயும் சுட்டவர்.

சரி, விசயத்துக்கு வாறன். புதுசா வாற பெடியள் ரெண்டு மூண்டு பேர் "அண்ணா, துவக்கெல்லாம் சரியாத்தான் பிடிக்கிறன், ஏன் தப்புது" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம். துவக்குப் பிடிக்கிறது வேற, மனசை ஒருநிலைப்படுத்திறது வேற எண்டு ரெண்டாப் பிரிச்சுத்தான் எல்லாரும் கதைக்கிறது, நானும் அப்பிடித்தான் இருந்தனான், இப்ப எனக்கு அது ரெண்டும் ஒரே பிழை எண்டுதான் படுது. கண் தட்டை விட்டுப் போயிடுது. சில நேரம் பீட்டுக்குப் போகும், சில நேரம் ஸ்கோருக்குப் போகும்.

பீட் எண்டா குழல் முனையில இருக்கிற அந்தச் சின்னக் குண்டுமணி. ரைஃபிள் சுட்டுப் பழகின ஆக்கள் இதைப் பாக்காம விடவே மாட்டினம். எனக்குப் பழக்கின ஐயா ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஒரே கேள்விதான் கேப்பார்.

"எதைப் பாத்தனீ?"

"தட்டைத்தான் ஐயா."

"அப்ப விளிம்பு எப்பிடி இருந்தது, சுத்தினது தெரிஞ்சதா?"

எனக்குத் தெரியாது. தோடம்பழ நிறத்தில ஒரு பொட்டு போன மாதிரி ஞாபகம், அவ்வளவுதான். அவர் சிரிச்சுப்போட்டு அடுத்த தோட்டாவைப் போடச் சொல்லுவார். கண் ஒரு நேரத்தில ஒரு தூரத்தைத்தான் கூர்மையாப் பாக்கும். பீட்டைப் பாத்தா தட்டு மங்கிடும், கை எப்பவும் கண்ணுக்குப் பின்னாலதான் போறது, அதால கண் குழலுக்கு வந்த உடன குழலும் நிண்டிடும். கட்ச் பிடிக்கேக்க கையைப் பாக்கிற ஆள் கட்சை விடுற மாதிரித்தான்.

இதோட ஒட்டின இன்னொரு பிழை, லீட் அளக்கிறது. தட்டுக்கு எவ்வளவு முன்னால சுடவேணும் எண்ட கணக்கு உண்மையிலயே இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல. ஒலிம்பிக் ட்ராப் தட்டு 110 மி.மீ. அகலம், 105 கிராம் நிறை, 76 மீற்றர் போய் விழுற மாதிரி எறிவினம், வெளிக்கிடேக்க மணிக்கு 100 கிலோமீற்றர் அளவு வேகம் இருக்கும். 35 மீற்றரில பிடிக்கிறீங்கள் எண்டு வைப்பம், ஈயக்குண்டு அங்க போய்ச் சேர செக்கனில பத்தில ஒரு பங்கு பிடிக்கும், அதுக்குள்ள தட்டு 2 மீற்றருக்கு மேல போயிடும். ஆனா இந்தக் கணக்கை வெடி வைக்கிற நேரத்தில போடேலாது. வெள்ளவத்தையில காலி வீதியைக் கடக்கேக்க வாற பஸ்ஸின்ர வேகத்தை ஆரும் கணக்குப் போடுறேல்ல, பஸ்ஸைப் பாத்துக்கொண்டு கால் தானாப் போகுது, நிண்டு யோசிச்சாத்தான் ஹோர்ன் அடி வாங்கிறது. லீட்டும் அப்பிடித்தான், நூறு இருநூறு தட்டு பாத்த கண்ணுக்கு அது தானா வரும், இடைவெளி சரியா எண்டு ஒருக்கா செக் பண்ணப் போனீங்களோ கண் குழலுக்கு வந்திட்டுது, தட்டு முழுசா விழும்.

அடுத்தது ட்ரிகரை இழுத்த கையோட துவக்கை நிப்பாட்டுறது. தட்டுக்குப் பின்னால சுடுற வெடியில பெரும்பங்கு இதாலதான் எண்டு நான் நினைக்கிறன். 100ஆம் நம்பர் பஸ்ஸில இருந்து முழுக்க நிக்கமுன்னம் இறங்கினவைக்கு இது உடன விளங்கும் (இறங்கச் சொல்லிச் சொல்லேல்ல, ஆனா எல்லாரும் இறங்கியிருக்கிறம்தானே), கால் றோட்டில பட்ட உடன நிண்டா முகம் குப்புற விழுறது, பஸ்ஸோட சேந்து நாலடி ஓடித்தான் நிக்கவேணும். வெடி போன பிறகும் குழல் தட்டின்ர பாதையில ஓடவேணும், உடைஞ்ச துண்டுகள் விழுற வரைக்கும் கன்னம் ஸ்டொக்கில (துவக்கின்ர தோளில வைக்கிற பின்பக்கம்) இருக்கவேணும்.

கன்னம் எண்டதும் ஞாபகம் வருது, தலையைத் தூக்கிறது. உடைஞ்சதா எண்டு பாக்கிற ஆசைதான், வேற ஒண்டுமில்ல. ஷொட்கன்னில பின் சைட் எண்டு ஒண்டு கிடையாது, உங்கட கண்தான் பின் சைட். கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடையில ஏறத்தாழ ஒரு மீற்றர் எண்டு வச்சுப் பாருங்கோ, தலை 1 செ.மீ. எழும்பினா 35 மீற்றரில வெடி 35 செ.மீ. மேல போகும், குண்டு விரியிற வட்டத்தில பாதி ஆகாயத்துக்குப் போச்சு. பத்துத் தட்டு நல்லா உடைச்ச பிறகு பதினோராவது சும்மா தப்பினா, நூத்துக்கு எண்பது தரம் எனக்கு இதுதான் காரணமா இருந்தது. கன்னத்தை ஸ்டொக்குக்குக் குனிஞ்சு கொண்டுபோகாதீங்கோ, ஸ்டொக்கைக் கன்னத்துக்குக் கொண்டு வாங்கோ, பிறகு தோள்.

நான் விட்ட பெரிய முட்டாள்தனம் இன்னும் சொல்லேல்ல. ஒரு வருசத்துக்குக் கிட்ட எனக்கு இடது கண்தான் ஓங்கின கண் (குறி பாக்கேக்க மூளை கூட நம்புற கண்) எண்டு தெரியாமலே வலது தோளில வச்சுச் சுட்டனான். ஆரும் கேக்கவுமில்ல, நானும் பாக்கேல்ல. இதை இப்பவே பாக்கலாம், காலிமுகத்திடலுக்குப் போனா துறைமுகத்துக்கு வெளியில கப்பல் நிக்கும், ரெண்டு கையையும் நீட்டி உள்ளங்கையளுக்கு இடையில சின்ன ஓட்டை வச்சு ரெண்டு கண்ணும் திறந்தபடி அந்தக் கப்பலைப் பாருங்கோ, பிறகு ஒவ்வொரு கண்ணா மூடுங்கோ. எந்தக் கண்ணை மூடேக்க கப்பல் காணாமப் போகுதோ அதுதான் ஓங்கின கண். அது துவக்கு வைக்கிற தோள் பக்கத்துக் கண்ணா இல்லாட்டி கோச்சோட கதைச்சு தோளை மாத்துறதா, இல்லாட்டி கண்ணாடியில சின்னத் துண்டு டேப் ஒட்டுறதா எண்டு முடிவெடுங்கோ. ஒரு கண்ணை முழுக்க மூடிச் சுடுறது கடைசி வழி, தூரமும் வேகமும் ரெண்டு கண்ணுக்குத்தான் வடிவா விளங்கும்.

கால் விசயம் சுருக்கமாச் சொல்லுறன். தட்டு வெளிக்கிடுற இடத்தை நோக்கி நிக்காதீங்கோ, உடைக்கப் போற இடத்தை நோக்கி நில்லுங்கோ, உடம்பு அங்கால திரும்ப இடமில்லாட்டி கடைசியில கை மட்டும் இழுபடும்.

இனி மனசு. ட்ராப்பில ஆறு பேர் சேந்து அஞ்சு ஸ்டேஷனில (சுட நிக்கிற இடம்) மாறி மாறிச் சுடுறது, ஒரு தட்டு சுட்டா அடுத்த ஆள் முறை, பிறகு நடந்து அடுத்த ஸ்டேஷன். சுடுற நேரம் ஒரு செக்கன் கூட இல்ல, சும்மா நிக்கிற நேரம்தான் கனக்க, பிசாசு அந்த இடைவெளியிலதான் பூருது. ஒருநாள் ஒரு ரவுண்டில, அதாவது 25 தட்டில, 19 தொடர்ச்சியா உடைச்சிட்டன், பக்கத்தில நிண்ட அங்கிள் ஒராள் நல்ல மனசோட "தம்பி இன்னும் ஆறுதான்" எண்டார். அவ்வளவுதான், அடுத்த மூண்டும் போச்சு. அங்கிளில பிழையில்ல, அவர் சொன்ன எண்ணை நான்தான் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனனான்.

ஸ்கோரை விட மோசமான எண்ணிக்கை ஒண்டிருக்கு, கொஞ்சம் பழகின ஆக்கள்தான் இதில மாட்டுறது. ஒலிம்பிக் ட்ராப் ரவுண்டில ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அஞ்சு தரம் வாறம், அதில ஒராளுக்கு இடது 2, வலது 2, நேர் 1 எண்டுதான் வரும், ஒழுங்குதான் தெரியாது. அதால "எனக்கு இடது ரெண்டும் முடிஞ்சுது, இனி வலதுதான்" எண்டு மனசில லெட்ஜர் எழுதிக்கொண்டு போய் நிக்கிறது, எண்ணினதில ஒண்டு பிசகியிருந்தா தட்டு மற்றப் பக்கம் பறக்கும், நீங்கள் மரம் மாதிரி நிப்பீங்கள். ஸ்கீட்டில (ரெண்டு பக்கத்தில இருந்தும் குறுக்கால தட்டு பறக்கிற போட்டி) பிசாசு வேற ரூபத்தில வரும், எறியச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு தட்டு உடன வரலாம், 3 செக்கன் கழிச்சும் வரலாம், துவக்கு இடுப்படியில இருக்கோணும், அந்த மூண்டு செக்கனுக்குள்ள பொறுமையில்லாத கை தானா எழும்பப் பாக்கும்.

தப்பின தட்டுக்கு ஸ்டேஷனில நிண்டு போஸ்ட்மோர்ட்டம் செய்யிறதும் வேண்டாம். பாரிஸ் ஒலிம்பிக்கில ஆம்பிளையளின்ர ட்ராப்பில தங்கம் எடுத்த நேதன் ஹேல்ஸ் ஃபைனலில 50இல 48 உடைச்சார், ஒலிம்பிக் ரெக்கோர்ட், அதிலயும் ரெண்டு தப்பினதுதானே. தப்பினா துவக்கைத் திறங்கோ, வெறும் தோட்டாவை எடுங்கோ, மூச்சை மெதுவா விடுங்கோ, காரணம் தேடுறதை ரவுண்ட் முடிஞ்சு பிளேன்டீ குடிக்கேக்க வச்சுக்கொள்ளுங்கோ. சோக் (குண்டு எவ்வளவு விரியும் எண்டதைக் கட்டுப்படுத்துற குழல் முனைத் துண்டு) மாத்துறது, ஸ்டொக்கைச் சீவுறது எல்லாம் அதுக்கும் பிறகு.

"தலையைத் தூக்காதே, நிப்பாட்டாதே, அவசரப்படாதே" எண்டு மூண்டு கட்டளையோட நிண்டா மூளைக்கு எதைச் செய்யோணும் எண்டு ஒண்டுமே விளங்காது. நான் ஒரு சொல்தான் வச்சிருக்கிறன், "விளிம்பு". மூச்சு விட்டு, குழலை அதின்ர இடத்தில வச்சு, கண்ணைக் குழலுக்கு அங்கால தூரத்தில பரவ விட்டு, மனசுக்குள்ள விளிம்பு எண்டு சொல்லி, பிறகு கூப்பிடுறது. கண் தூரத்தில நிலைச்சாத்தான் கூப்பிடுறது, பின்னால நிக்கிற ஆள் அவசரப்படுத்துற மாதிரி இருந்தாலும். இது சாமி கும்பிடுற மாதிரி ஒரு சடங்கு எண்டு நினைக்கிறவை இருக்கினம். 2010இல வந்த ஒரு ஆய்வில ட்ராப், ஸ்கீட், டபிள் ட்ராப் (ஒரே நேரத்தில ரெண்டு தட்டு எறியிறது) சுடுற ஆக்களின்ர கண் அசைவை அளந்து பாத்தவை, மேல்மட்ட ஆக்கள் தட்டில கண்ணை முந்திப் பதிச்சு கூட நேரம் வச்சிருந்தவை, தப்பின வெடியளில அந்த நேரம் குறைஞ்சுது.

எங்கட ஊருக்கெண்டே சில சில்லறைப் பிழையள் இருக்கு. ஏசி காரில இருந்து இறங்கி நேரா ஸ்டேஷனுக்குப் போனா கண்ணாடியில ஈரம் படிஞ்சு மங்கிடும், பத்து நிமிசம் முந்தியே வெளியில எடுத்து வையுங்கோ. காலமை புரியாணியோ கொத்தோ அமுக்கிப்போட்டு வராதீங்கோ, பத்து மணி வெயிலில ரெண்டாவது ரவுண்டிலேயே கண் சொருகும், தண்ணியோ செவ்விளநீரோ குடிச்சுக்கொண்டே இருங்கோ. கடல் காத்துக்குக் குழல் ஒரு இரவில துருப்பிடிக்கத் தொடங்கிடும், வந்த உடன துடைச்சு எண்ணெய் போடுங்கோ, களைப்பு எண்டு படுத்தா நாளைக்கு அழுறது நீங்கள்தான்.

பாதுகாப்பில மட்டும் பகிடி இல்ல. ஸ்டேஷனில உங்கட முறை வரும்வரைக்கும் துவக்கு திறந்தபடி வெறுமையா இருக்கோணும், காதுக்கும் கண்ணுக்கும் கவசம் போடாம வேலியோரத்தில கூட நிக்கக்கூடாது. இழுத்தும் வெடிக்காட்டி துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குத் திரும்பி "அண்ணா இது வெடிக்கேல்ல" எண்டு காட்டாதீங்கோ, நான் அப்பிடி ஒராளைக் கண்டனான், அண்டைக்கு எல்லாரும் நிலத்தில படுத்திட்டம். முனை ரேஞ்ச் பக்கம்தான் பாக்கோணும், கொஞ்ச நேரம் பொறுத்து அப்பிடியே ரெஃப்ரியைக் கூப்பிடுங்கோ. ஈயம் தொட்ட கையோட ரோல்ஸ் சாப்பிடவும் வேண்டாம்.

கிழமையில ஒருநாள்தான் ரேஞ்சுக்குப் போக ஏலும் எண்டவை வீட்டில பழகலாம், ஆனா ஃப்ளாட் மொட்டை மாடியில துவக்கோட நிக்காதீங்கோ, அரை மணித்தியாலத்தில பொலிஸ் வந்திடும். நான் தும்புத்தடியாலதான் பழகிறன். பின்னேரம் பல்கனிக்கு முன்னால வயரில இருந்து காகம் எழும்பேக்க, கண் முதல் காகத்தின்ர சொண்டுக்கு, பிறகு தடி கன்னத்துக்கு, காகம் அடுத்த மாடிக்கு அங்கால மறையிற வரைக்கும் இழுத்துக்கொண்டே போறது, ஒருநாளைக்கு முப்பது தரம். அம்மா ஆரம்பத்தில டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகட்டோ எண்டு கேட்டவ, இப்ப "கூட்டி முடிச்சிட்டுச் சுடு" எண்டு தடியைத் தாறா.