பிரசிடெண்ட் யாரென்று ஊருக்குத் தெரிய வைப்பது எப்படி?

2020 ஜனவரி 6-ம் தேதி ஊராட்சித் தலைவராகப் பதவியேற்றேன். மறுநாள் காலை டீக்கடையில் "பிரசிடெண்டுக்கு ஒரு ஸ்ட்ராங் டீ" என்று என் வீட்டுக்காரர் கையில் கிளாஸைக் கொடுத்திருக்கிறார்கள். நான் "பிரசிடெண்டம்மா". அதாவது பிரசிடெண்ட் வீட்டம்மா. அடுத்து நிற்கப்போகிற பெண்களுக்காக, நான் செய்ததையும் கோட்டை விட்டதையும் எழுதுகிறேன்.

முதல் வேலை, போன் நம்பர். வேட்புமனுவிலேயே அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அலுவலகச் சுவரில் என் பெயருக்கு நேரே பெயிண்டர் அதையே எழுதிவிட்டுப் போனார். எட்டு மாதம் அப்படியே விட்டது என் தப்பு. தண்ணீர் வரவில்லை, லைட் எரியவில்லை என்று ஊரே அவருக்குத்தான் போன் அடித்தது. நீங்கள் மனு போடும் முன்பே தனி சிம் வாங்கிவிடுங்கள். எடுத்ததும் "அண்ணன்கிட்ட கொடுங்க" என்பார்கள். கோபப்படாதீர்கள். "எந்தத் தெரு?" என்று கேளுங்கள். தெருவைச் சொன்னதும் பேச்சு குழாய்க்கு வந்துவிடும், அண்ணன் மறந்துபோவார்.

செக் விஷயம் சுருக்கமாக. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தொகை எழுதாத செக்கில் போடாதீர்கள், கேட்பது மாமனாராக இருந்தாலும் சரி.

அப்புறம் கிராம சபை. இதில்தான் ஊர் உங்களை எடைபோடும். பதவிக்கு வந்த இருபதாம் நாள், ஜனவரி 26, எனக்கு முதல் கூட்டம். கிளர்க் வாசித்தார், வீட்டுக்காரர் பதில் சொன்னார், நான் சால்வையோடு உட்கார்ந்திருந்தேன். கொரோனாவில் கூட்டம் நின்றுபோய், 2021-ல் மறுபடி கூடியபோது மைக்கை நானே வாங்கிக்கொண்டேன். முந்தின நாள் ராத்திரி வரவு, செலவு, இருப்பு மூன்றையும் நாற்பது பக்க நோட்டில் என் கையாலேயே எழுதி, அடுப்படியில் நின்று இரண்டு தரம் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். மோட்டார் ரீவைண்டிங் கூலிக்கு வந்தபோது பின்னாலிருந்து ஒருவர், "இதெல்லாம் யாரும்மா எழுதிக் கொடுத்தது?" என்றார். "பில் இருக்கு, வந்து பாருங்க" என்றேன். வந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, நானே படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

குரல் ஏன் முக்கியம் என்பது பிறகு ஒரு பயிற்சியில்தான் எனக்குப் புரிந்தது. மேற்கு வங்கத்தில், பீர்பூம் பக்கம், பிரதான் (அங்கே ஊராட்சித் தலைவருக்கு அதுதான் பெயர்) ஒருவர் பேசுவதாக ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்களாம். பெண் தலைவரையே பார்க்காத ஊர் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மார்க் போட்டார்கள். ஏற்கெனவே பெண் பிரதான் இருந்த ஊரில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் தலைவராக ஆணா பெண்ணா வேண்டும் என்று நேராகக் கேட்டால், அந்த ஊர்களிலும் ஆண்தான் என்றார்கள். எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. பிடிக்காவிட்டால் போகட்டும், நம்மால் முடியும் என்று தெரிந்தால் வேலை ஓடும்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரு ஊருக்கு முதல் பெண் தலைவராக வந்தவர்கள், குடிநீர் வேலையை நன்றாகச் செய்தும் கெட்ட பெயர்தான் வாங்கினார்கள். அதே ஊரில் இரண்டாவதாக வந்த பெண் தலைவர்களுக்குத்தான் சரியான மார்க். நம் தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டத்தில் 2016-லிருந்து பாதி இடம் பெண்களுக்கு. நீங்கள் முதல் ஆளாக இருந்தால் திட்டு உங்களுக்கு, பாராட்டு அடுத்தவளுக்கு.

பிள்ளைகளைக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். அங்கே 495 கிராமங்களில் பார்த்ததில், இரண்டு தேர்தலாகப் பெண் தலைவர் இருந்த ஊர்களில் பெண்பிள்ளைகள் படிப்பில் பையன்களை எட்டிப் பிடித்தார்கள், வீட்டு வேலையும் அவர்களுக்குக் குறைந்தது. எங்கள் ஊரில் அப்படி அளந்து பார்க்க யாரும் வரவில்லை. ஆனால் கடைசி வருஷம் தீர்மானங்களை மைக்கில் வாசித்தது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி' என்பதைத் திக்காமல் சொன்னாள். நான் இன்றுவரை டேங்க் என்றுதான் சொல்கிறேன்.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. தண்ணீர் வராவிட்டால் இப்போதும் விடியற்காலை ஐந்து மணிக்கு என் போன்தான் அடிக்கிறது. எந்தத் தெரு என்று கேட்டு, ஆபரேட்டர் நம்பரைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.