அரசியல் அறிவியலையும் உளவியலையும் முதலாண்டில் சேர்த்துப் படிக்கும் முறை

கல்லூரியில் அரசியல் அறிவியலோடு உளவியலையும் எடுத்துச் சேரும் குமரி மாவட்ட மாணவர்களுள் பலர், முன்னதை மனப்பாடம் செய்தே தீர வேண்டும் என்றும், பின்னதைப் பொது அறிவைக்கொண்டு எழுதிவிடலாம் என்றும் எண்ணுகின்றனர். இரண்டு எண்ணமும் மதிப்பெண்ணைக் குறைக்கும். உளவியலில் நினைவாற்றல் குறித்த பகுதியை முதலில் படித்துவிட்டு, அது காட்டும் வழியிலேயே அரசியலமைப்பைப் படிக்கத் தொடங்குவதே நல்லது.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, கற்றவற்றில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோகிறது என்பதையும், அதன்பின் மறதியின் வேகம் தணிகிறது என்பதையும் 1885-இல் வெளியிட்டார். ஆகவே வகுப்பில் நடந்த பாடத்தை அன்று மாலையும், ஓரிரு நாள் கழித்தும், அடுத்த வாரமும் நினைவுகூர வேண்டும். புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் நிற்பதை வெற்றுத்தாளில் எழுதிய பிறகே அதைத் திறந்து, விடுபட்டதை வேறு நிற மையால் சேர்க்க வேண்டும். அடிக்கோடிட்டுக்கொண்டே பலமுறை வாசிப்பது பாடம் தெரிந்துவிட்டது என்ற நிறைவைத் தருமேயன்றித் தேர்வறையில் கைகொடுக்காது.

சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பிரித்துக்காட்டும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையை இம்முறையில் படித்துப் பாருங்கள். ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்று பத்திகள் வரைந்து, நம் கண்முன் உள்ள தொழில்களை அவற்றில் பொருத்துங்கள். மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்புக்கு, அதாவது கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலுக்குரியது. குளச்சலிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ ஆழ்கடலுக்குச் செல்லும் ஒரு விசைப்படகு, ஒரே பயணத்தில் இந்த இரண்டு அதிகார எல்லைகளுக்குள்ளும் சென்று வருகிறது. காடுகளும் கல்வியும் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குச் சென்றவை. பட்டியலை இப்படிப் படித்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார். மாநிலங்களை உருவாக்கவும் அவற்றின் எல்லைகளை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் மூன்றாவது உறுப்புக்கும் வெளியூர் எடுத்துக்காட்டு தேவையில்லை: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது, நாடாளுமன்றம் இயற்றிய மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் வழியாகத்தான்.

உளவியலில் சொற்களின் எல்லையைத் துல்லியமாக அறிவதே பாதி வேலை. எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் ஒன்றெனக் கொள்வது மிகப் பரவலான பிழை. தலைக்கவசமின்றி வந்தவரிடம் அபராதம் வாங்குவது தண்டனை. அது ஒரு நடத்தையைக் குறைக்க முயல்கிறது. இருக்கைப் பட்டையை அணிந்ததும் காரின் எச்சரிக்கை ஒலி நின்றுவிடுவது எதிர்மறை வலுவூட்டல். அது ஒரு நடத்தையை வளர்க்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் இவ்வாறு சொந்த எடுத்துக்காட்டு ஒன்றை எழுதிவைக்க வேண்டும். கைடில் உள்ளதை அப்படியே எடுத்தெழுதினால் கருத்து புரிந்ததா என்பது உங்களுக்கே தெரியாது.

இரு பாடங்களும் மிக நெருங்கும் இடம் சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட சோதனை. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்குச் சுற்றியிருப்போர் அனைவரும் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்கள் அளித்த விடைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவர்களோடு ஒத்துப்போனது. விடையைத் தனியே எழுதித்தரச் சொன்னபோது அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. வாக்கு ஏன் இரகசியமாக இருக்க வேண்டும் என்ற வினாவுக்கு இதனினும் வலிய சான்றைக் காண்பது அரிது.

பிறர் கருத்துக்கு இணங்கிப்போகும் இந்தப் போக்கை நேரில் பார்க்க விரும்புவோர், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கூடும் கிராம சபைக்குச் செல்லலாம். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிகுதி. கிராம சபை ஊராட்சிகளில் மட்டுமே கூடும் என்பதால், பேரூராட்சியில் வசிப்பவர் பக்கத்து ஊராட்சி அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொண்டு பார்வையாளராகச் செல்லலாம். முதலில் பேசியவர் யார், அவர் பேசிய பின் மற்றவர் கருத்து மாறியதா, மறுத்துப் பேச ஒருவர் எழுந்ததும் வேறு யாரேனும் துணிந்தார்களா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பில் எவர் பெயரையும் எழுதாமல், ‘முதல் பேச்சாளர்’, ‘இரண்டாம் பேச்சாளர்’ என்று மட்டும் எழுதுங்கள். ஆய்வு நெறிமுறை அதுவே.