நித்திரைக் குளிசையை விடுறது எப்பிடி (ஆனா டக்கெண்டு விடாதேங்கோ)

விசுவமடுவில எங்கட பெரியம்மான்ர தலைமாட்டில ஒரு பிஸ்கற் ரின் எப்பவும் இருக்கும். மேல நூல், ஊசி, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி. அடியில நித்திரைக் குளிசை. 2009-இல போரால இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில இரவிரவா நித்திரையில்லாமல் குந்தியிருந்தவக்கு அங்க குடுக்கத் தொடங்கினது, கொஞ்ச நாளைக்கு எண்டுதான் குடுத்தவை, பேந்து மீளக் குடியேறி வீடு கட்டி பேரப்பிள்ளையளும் பிறந்திட்டுது, குளிசை மட்டும் நிக்கேல்ல. வன்னியில இப்பிடி ஒரு ரின் கனவீட்டில இருக்கும் எண்டபடியாத்தான் இதை எழுதுறன். நான் டொக்டர் இல்லை, வீட்டில ஒராளை இதிலயிருந்து வெளியால கொண்டு வந்தனான், அவ்வளவுதான்.

முதல்ல எந்தக் குளிசை எண்டு பாருங்கோ. டயஸிபாம் (பழைய ஆக்கள் வேலியம் எண்டு சொல்லுவினம், 1963-இல வந்த மருந்து), குளோனஸிபாம், லோரஸிபாம், நைட்ரஸிபாம், அல்பிரஸோலாம் எண்டு பேர் கூடுதலா "பாம்", இல்லாட்டி "லாம்" எண்டு முடியும். மூளையைச் சாந்தப்படுத்த உடம்பிலயே காபா எண்டு ஒரு இரசாயனம் இருக்கு, அதின்ர வேலையைத்தான் இந்தக் குளிசையள் கூட்டிவிடுறது. ரெண்டு மூண்டு கிழமைக்கு நல்லா வேலை செய்யும். மாசக்கணக்கா போட்டா மூளை அதுக்குப் பழகி, குளிசை இல்லாமல் தன்னைத் தானே அடக்க மறந்திடும். அமிற்றிப்டிலின் மாதிரி வேற வகை மருந்துகளும் நித்திரைக்குக் குடுப்பினம், அது இந்தக் கூட்டத்தில சேராது, ஆனா அதையும் கேக்காமல் நிப்பாட்டக் கூடாது.

பழகிப்போச்செண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? முந்தி ஒண்டு காணும், இப்ப ரெண்டும் காணாது. கிளினிக் நாளுக்கு ஒரு கிழமை முந்தியே குளிசை முடிஞ்சிடும். பக்கத்து வீட்டில "ஒண்டு தாங்கோ, நாளைக்குத் தாறன்" எண்டு கடன், டொக்டர்ர துண்டு இல்லாமலே குளிசை தாற பாமசி எது எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறது, ரெண்டு இடத்தில கொப்பி. எத்தினை போட்டனீங்கள் எண்டு கேட்டா கோவம் வரும். பின்னேரமானா கை நடுங்கும், வேர்க்கும், பதகளிக்கும், குளிசை போட்டு கொஞ்ச நேரத்தில எல்லாம் அடங்கும். இது வருத்தம் கூடினதால எண்டு நினைச்சு இன்னும் ஒண்டு போடுவினம், அதுதான் வலை. வயசு போன ஆக்களில இன்னும் ரெண்டு பாருங்கோ: மறதியும் விழுறதும். எங்கட பெரியம்மா கிணத்தடியில ரெண்டு தரம் விழுந்தவ, நாங்கள் கண் பார்வை எண்டு சொல்லி கண்ணாடி மாத்தினோம். கண்ணில ஒண்டுமில்லை.

ஒரு விசயம். டொக்டர் சொன்ன அளவில போட்டும் உடம்பு பழகும். அது களவுமில்லை, கெட்ட பழக்கமுமில்லை. இதைச் சொன்னாத்தான் அவை ரின்னைத் திறந்து காட்டுவினம்.

இப்ப முக்கியமான இடம். கனடாவில இருக்கிற அண்ணை வட்ஸ்அப்பில வீடியோ கோல் எடுத்து "உதெல்லாம் நஞ்சம்மா, தூக்கி எறியுங்கோ" எண்டு கத்த, பெரியம்மா ரோசத்தில எல்லாத்தையும் கக்கூசுக்குள்ள கொட்டிப்போட்டா. முதல் மூண்டு நாள் ஒண்டுமில்லை, "பாத்தியே, எனக்கு உது தேவையில்லை" எண்டா. டயஸிபாம் உடம்பில நாள்க்கணக்கா நிக்கிற சாமான், அதால பிந்தித்தான் தெரியும், அல்பிரஸோலாம் மாதிரி கெதியா இறங்கிறது எண்டா ஒண்டு ரெண்டு நாளிலயே தொடங்கிடும். நாலாம் நாள் நித்திரை இல்லை, கதவு சாத்துற சத்தத்துக்கும் துள்ளினா, ஆறாம் நாள் விடிய அடுப்படியில வலிப்பு. ஆகவே திருப்பிச் சொல்லுறன், மாசக்கணக்கா போட்ட ஆள் டக்கெண்டு நிப்பாட்டக் கூடாது. வலிப்பு வரும், இல்லாததுகள் கண்ணுக்குத் தெரியும், உயிரும் போகலாம்.

சரியான வழி இதுதான். வீட்டில இருக்கிற குளிசை எல்லாத்தையும், கடன் வாங்கினது, பாமசியில வாங்கினது உட்பட, ஒரு பையில போட்டுக்கொண்டு போங்கோ. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட ஆஸ்பத்திரியளில மனநலப் பிரிவு இருக்கு, காசு கட்டத் தேவையில்லை. "விசர் கிளினிக்குக்கு வரமாட்டன்" எண்டு நிண்டா முதல்ல வழமையா பாக்கிற டொக்டரிட்டயே கூட்டிக்கொண்டு போங்கோ. உண்மையான எண்ணிக்கையைச் சொல்ல வேணும். கொப்பியில ஒண்டு எண்டிருக்கும், போடுறது மூண்டு. ஒண்டை வைச்சு டொக்டர் கணக்குப் போட்டா குறைக்கிறது எல்லாம் பிழைச்சுப்போம்.

குறைக்கிற கணக்கு பொதுவா ரெண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா, அப்ப போடுற அளவில நூற்றுக்கு 5 இலயிருந்து 10 வீதம். சில பேருக்கு கெதியா இறங்கிற குளிசையை டயஸிபாமுக்கு மாத்திப்போட்டுக் குறைப்பினம். அதை நீங்களா செய்யாதேங்கோ, அரை மில்லிகிராம் குளோனஸிபாம் கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் டயஸிபாமுக்குச் சமன், குளிசைக்குக் குளிசை எண்டு மாத்தினா கதை முடிஞ்சுது. பெரியம்மா டயஸிபாம் 5 மில்லிகிராம் மூண்டு போட்டவ. டொக்டர் அந்த 15 மில்லிகிராமை முதல்ல 14 ஆக்கி, அதாவது 2 மில்லிகிராம் குளிசை ஏழாக்கி, மூண்டு கிழமைக்கு அரைக் குளிசை குறைக்கச் சொன்னவர். ரெண்டு குளிசைக்கு வந்தாப்பிறகு அரையும் கூடிப்போச்சு, கால் காலா குறைச்சம். புது பிளேட்டாலதான் வெட்ட வேணும், பழசால வெட்டினா மாவாப் போகும். ஒவ்வொரு இரவும் போட்டதை கோயில் கலண்டரில நான் எழுதுவன். ஒண்டேகால் வருசம் எடுத்தது. அவசரப்பட்ட எல்லா மாசமும் திரும்ப நிக்க வேண்டி வந்தது, ஆனா கூட்டேல்ல. கஷ்டமெண்டா அதே அளவில நில்லுங்கோ, மேல ஏறாதேங்கோ.

மே மாசத்தில குறைக்க வேண்டாம் எண்டது என்ர சொந்தப் புத்தி. போர் முடிஞ்ச 18ஆம் திகதி கிட்ட வர எங்கட சனத்துக்கு எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும், குளிசையும் குறைய பழைய நினைவெல்லாம் சேந்து வரும், பிறகு எது மருந்தால எது மனசால எண்டு விளங்காது. டொக்டரிட்ட சொன்னன், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் முடியட்டும் எண்டிட்டார். பொதுவா ஒவ்வொரு தரம் குறைச்ச உடனை வாற நடுக்கமும் விறைப்பும் கொஞ்ச நாளில அடங்கும். அடங்காமல் நிக்கிற பயத்துக்கும் கனவுக்கும் தனிய வைத்தியம் வேணும், அதுக்கு ஆலோசகரோட கதைக்கிறதுதான்.

நித்திரைக்கு: எந்த இரவு எப்பிடிப் போனாலும் விடிய ஒரே நேரத்துக்கு எழும்புங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு பிளேன்ரீ வேண்டாம். நித்திரை வராட்டி பாயில புரளாமல் எழும்பி வெளியால குந்துங்கோ, கண் சொருகினாப்போல வாங்கோ. பகல்ல படுக்கிறதைத்தான் பெரியம்மா விட மாட்டன் எண்டவ, அதுக்குப் பட்ட சண்டை குளிசைக்குக் கூடப் படேல்ல.

பெடியள் உள்ள வீடெண்டா குளிசையைப் பூட்டி வையுங்கோ. கசிப்போட (களவாக் காய்ச்சின சாராயம்), ட்ரமடோல், பிரிகபலின் மாதிரி நோக் குளிசையளோட சேத்துப் போட்டா மூச்சு நிக்கலாம், இது பயமுறுத்தக் கதைக்கிறதில்லை. எழுப்ப எழும்பாமல், குறட்டை மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டா பக்கவாட்டில படுக்க வைச்சு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, குளிசை இருந்த வெறும் மட்டையையும் கையோட குடுத்துவிடுங்கோ. தேசிக்காய்த் தண்ணி, உப்புத் தண்ணி ஒண்டும் வாயில ஊத்த வேண்டாம், நெஞ்சுக்குள்ள போகும். இரவில ஆரோடயாவது கதைக்க வேணுமெண்டா 1926 மனநல இலக்கம், காசு வெட்டாது. இரவு வயல் காவலுக்குப் போறவர், மோட்டச்சைக்கிள் ஓடுறவர் இதைப் போட்டிட்டுப் போறதையும் ஒருக்கா யோசியுங்கோ, யானை வந்தாலும் விளங்காது.

மிஞ்சின குளிசையை ஆருக்கும் குடுக்காமல், கொட்டாமல் கிளினிக்கிலயே திருப்பிக் குடுத்தம். ரின் இன்னும் தலைமாட்டிலதான் இருக்கு, இப்ப அதுக்குள்ள பாக்கு வெட்டியும் வெத்திலையும்.