எக்ஸைட்பைக்: இன்ஜின் சூடாகாமல் ஜெயிப்பது எப்படி

எக்ஸைட்பைக் என்ற பழைய பைக் பந்தய வீடியோ கேமைப் புதிதாக எடுப்பவர்களில் பெரும்பாலானோர், வேகத்தைக் கூட்டும் பி பட்டனில் கட்டைவிரலை வைத்தால் எடுப்பதே இல்லை. வண்டி சீறிக்கொண்டு போகும், கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சூடேறி ஓரமாக நின்றுவிடும், அது ஆறுகிற வரைக்கும் மற்றவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நிண்டெண்டோ இதை ஜப்பானில் 1984 நவம்பரில் தன் ஃபேமிகாம் கன்சோலுக்கு வெளியிட்டது, அடுத்த ஆண்டு அமெரிக்காவில், ஃபேமிகாமின் அந்த ஊர் வடிவமான என்இஎஸ் கன்சோலோடு வந்தது, வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. இன்றைக்கும் இதை எடுத்து விளையாட இரண்டே காரணங்கள் போதும்: சூட்டைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பது, தாவிவிட்டுச் சரியாக இறங்குவது. இந்த இரண்டும் கைவந்துவிட்டால் ஐந்து ட்ராக்கையும் முடித்துவிடலாம்.

முதலில் சூடு. ஏ பட்டன் சாதாரண வேகம், பி பட்டன் டர்போ, அதாவது கூடுதல் வேகம். திரையின் அடியில் டெம்ப் என்று ஒரு பட்டை ஓடும், பி அழுத்தி வைத்திருக்கும்வரை அது ஏறிக்கொண்டே போகும், நிரம்பினால் வண்டி நின்றுவிடும். ஏ மட்டும் அழுத்தினால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அந்த நிலைக்குப் போகாது. அதனால் பட்டை முக்கால்வாசி ஏறும்வரை பி, அப்புறம் கொஞ்ச நேரம் ஏ, பட்டை இறங்கியதும் திரும்ப பி என்று மாற்றி மாற்றி ஓட்டப் பழகுங்கள். பாதையில் சில இடங்களில் அம்புக்குறிகள் வரைந்திருக்கும், அவற்றின் மேல் ஏறிப் போனால் சூடு சட்டென்று இறங்கிவிடும். விளையாட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அடுத்த அம்புக்குறி எங்கே வரும் என்று தெரிந்துவிட்டால் அதுவரைக்கும் டர்போவைப் பயமில்லாமல் முறுக்கலாம், பட்டை நிரம்பப் போகிற நேரத்தில் அம்புக்குறி மேல் ஏறி, மறுபடியும் முதலிலிருந்து முறுக்கலாம். அதனால் ஒவ்வொரு ட்ராக்கிலும் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது அம்புக்குறி எந்த லேனில் இருக்கிறது என்பதைத்தான், மேடுகள் எல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்தது தாவல். தரையில் இடது பக்கம் அழுத்தினால் முன்சக்கரம் தூக்கும், காற்றில் இருக்கும்போதும் அதேதான், வலது அழுத்தினால் மூக்கு கீழே சாயும். இறங்கப்போகிற தரை எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் வண்டி இருக்க வேண்டும், இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். சமதரையில் இறங்கினால் வண்டி நேராக, மேட்டின் இறக்கத்தில் இறங்கினால் மூக்கு கொஞ்சம் கீழே. முன்சக்கரம் மட்டும் முதலில் குத்தினால் விழுந்துவிடுவீர்கள், அதனால் சந்தேகம் வந்தால் மூக்கைச் சற்றுத் தூக்கியே வைத்திருங்கள், பின்சக்கரம் முதலில் பட்டாலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். சின்னச் சின்ன மேடுகளுக்குத் தாவவே தேவையில்லை, முன்சக்கரத்தைத் தூக்கியபடி அப்படியே ஏறிப் போகலாம். ஆனால் தரையில் இடது பட்டனை ரொம்ப நேரம் பிடித்து வைத்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழும், கொஞ்சம் தூக்கியதும் விட்டுவிடுங்கள்.

நான் காற்றில் இருக்கும்போது பி-யை விட்டு ஏ-க்கு மாறிவிடுவேன், கவனம் முழுக்கச் சாய்வில் இருக்கட்டும் என்று. எந்த லேனில் இறங்க வேண்டும் என்பதையும் மேட்டில் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். மொத்தம் நான்கு லேன், சிலவற்றில் மட்டும் சேறு இருக்கும், அதில் மாட்டினால் வேகம் எல்லாம் போச்சு.

விழுந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஓரமாக உருண்டு போன ஓட்டுநர் வண்டிக்குத் திரும்பி ஓட வேண்டும், பட்டனைப் படபடவென்று தட்டினால் வேகமாக ஓடுவார்.

தொடக்கத்தில் செலக்ஷன் ஏ எடுங்கள், அதில் நீங்கள் மட்டும்தான். பாதை பழகியதும் செலக்ஷன் பி, அதில் கம்ப்யூட்டர் ஓட்டுகிற வண்டிகள் குறுக்கே வரும். இரண்டிலுமே மூன்றாம் இடத்துக்குள் வர வேண்டும், அந்த இடம் நேரத்தை வைத்துத்தான் முடிவாகிறது. ஆகவே மற்ற வண்டிகளைப் போட்டியாளர்களாக நினைத்துத் துரத்த வேண்டாம், நகரும் தடைகள் என்று நினைத்து ஒதுங்கிப் போங்கள். மோதலுக்கு விதி ஒன்றுதான்: உங்கள் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தில் பட்டால் விழுவது நீங்கள், அவருடைய முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தில் பட்டால் விழுவது அவர். இதனால்தான் ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகவே கூடாது. பக்கத்தில் ஒருவர் வந்தால் கொஞ்சம் முந்திக்கொண்டு அவர் லேனுக்குள் மெதுவாகச் சாயுங்கள், அவரே வந்து இடித்து விழுந்துவிடுவார்.

டிசைன் பகுதியை நிறையப் பேர் தொடாமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த இடம். ஏ முதல் எஸ் வரை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடை, வேண்டியதை வரிசையாக வைத்துச் சொந்தமாக ஒரு ட்ராக் கட்டலாம். உங்களை அடிக்கடி கவிழ்க்கிற மேடு எதுவோ அதையே நான்கைந்து முறை அடுத்தடுத்து வைத்துப் பழகுங்கள், சாய்வு தானாகவே விரலுக்கு வந்துவிடும். பழைய கேசட்டில் விளையாடினால் கட்டிய ட்ராக்கைச் சேமிக்க முடியாது, மெனுவில் சேவ், லோட் எல்லாம் இருக்கும், ஆனால் அவை ஜப்பானில் மட்டும் விற்ற டேப் ரெக்கார்டர் கருவிக்காக வைத்தவை. அதனால் ட்ராக் பிடித்திருந்தால் எழுத்துகளின் வரிசையை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

பழைய கன்சோல் கையில் இல்லாதவர்களுக்கு 2016இல் வந்த என்இஎஸ் கிளாசிக் எடிஷனிலும் இது உண்டு, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் வரும் என்இஎஸ் விளையாட்டுகளிலும் உண்டு. புது டிவியில் ஓட்டினால் கேம் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டன் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே சின்னத் தாமதம் இருந்தால்கூட இறங்குகிற நேரம் தவறிவிடும்.