'இஸ்' என்றால் 'இருக்கிறது' அல்ல: எளிய ஆங்கில வாக்கியம் எழுதக் கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆங்கிலம் கற்பிக்க வந்திருக்கும் ஓர் ஆசிரியையின் வகுப்பில் அண்மையில் கடைசி வரிசையில் அமர்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். பாடத்தை அக்கறையோடு தயாரித்து வந்திருந்தார். குரல் தெளிவாக இருந்தது. மாணவர்கள் அவரிடம் அச்சமின்றிக் கேள்வி கேட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் கரும்பலகையின் இடப்பக்கம் 'இஸ்' என்று எழுதி, ஒரு சமக்குறி இட்டு, வலப்பக்கம் 'இருக்கிறது' என்று எழுதினார். வகுப்பு முழுவதும் குனிந்து அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. நான் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் இதே சமக்குறியை, ஏறக்குறைய பலகையின் அதே இடத்தில், கோணல் இல்லாமல் இட்டவன். அதனால் விளைந்த சேதத்தை உணர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்குவது, முற்றுப்புள்ளி வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எழுத எழுதத் தாமே சரியாகிவிடும். கற்பவர் செய்யும் தவறுகளை விட, நல்ல எண்ணத்தோடு நாம் செய்துவிட்டு அவர்கள் தலையில் கட்டும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு கட்டங்களோடு தொடங்குவது

காலம் மூன்று, ஒவ்வொரு காலத்துக்கும் வகை நான்கு, ஆகப் பன்னிரண்டு என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைப்பது நம்மிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. உண்மையில் ஆங்கில வினைச்சொல் தன் வடிவத்தை மாற்றிக் காட்டும் காலங்கள் நிகழ்காலம், இறந்தகாலம் ஆகிய இரண்டு மட்டுமே. எதிர்காலத்தைச் சொல்ல அது 'வில்' போன்ற துணைவினையைக் கடன் வாங்குகிறது. 'ஷேல் ஹேவ் பீன் கோயிங்' என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர், 'நேற்று மழை பெய்தது' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முதல் சில மாதங்களுக்கு மூன்று கட்டங்கள் போதும்: வழக்கமாகச் செய்வது, இப்போது செய்துகொண்டிருப்பது, செய்து முடித்தது.

'இஸ்' என்பதற்குத் தமிழில் பொருள் சொல்வது

இப்போது அந்தச் சமக்குறிக்கு வருகிறேன். 'அவர் ஆசிரியர்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுவாய் ஒரு பெயர், பயனிலையும் ஒரு பெயர். இதைத்தான் தமிழ் இலக்கண வகுப்பில் பெயர்ப்பயனிலை என்று படித்தோம். இரண்டுக்கும் இடையே வினை எதுவும் தேவையில்லை. ரஷ்ய மொழியும் அரபு மொழியும் நிகழ்காலத்தில் இவ்வாறே நடந்துகொள்கின்றன. ஆங்கிலமோ அந்த இடத்தைக் காலியாக விட அனுமதிப்பதில்லை. ஆக, 'இஸ்' கட்டாயமாகத் தேவைப்படும் வாக்கியத்தில் தமிழில் 'இருக்கிறார்' இல்லவே இல்லை. சமக்குறியை நம்பிய மாணவர் தமிழ் வாக்கியத்தில் 'இருக்கிறார்' எங்கே என்று தேடிப் பார்க்கிறார். கிடைக்காததால் 'ஹி டீச்சர்' என்று எழுதுகிறார். அவர் கவனக்குறைவாக விட்டுவிட்டார் என்று நினைத்து நாம் அதட்டுகிறோம்.

அதட்டிய பிறகு நடப்பது இன்னும் மோசமானது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வாக்கியத்திலும் 'இஸ்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'அவன் போகிறான்' என்பது 'ஹி இஸ் கோ' ஆகிறது. இதிலும் மாணவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது: 'இருக்கிறான்' என்பதில் உள்ள 'கிறான்' தான் 'போகிறான்' என்பதிலும் வருகிறது, முன்னதற்கு 'இஸ்' என்றால் பின்னதற்கும் ஒரு 'இஸ்' வேண்டாமா? 'கிறு' என்பது நிகழ்காலம் காட்டும் இடைநிலை, அதற்கும் 'இஸ்' என்ற சொல்லுக்கும் உறவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

என்னுடைய மாலை வகுப்பு ஒன்றில் நாற்பது வயதை நெருங்கிய ஒரு பெண்மணி படித்தார். குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லியிருந்தேன். அவருடைய மூன்றாவது வாக்கியம் 'ஐ ஆம் ஒன் பிரதர்' என்று இருந்தது. நான் சிரித்துவிட்டேன், வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை முதல் பக்கத்துக்குப் புரட்டி, நான் எழுதித் தந்திருந்த வரியின் மேல் விரலை வைத்தார். அங்கே 'இஸ் = இருக்கிறான், ஆம் = இருக்கிறேன்' என்று இருந்தது. "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்றுதானே சார் சொல்கிறோம்? 'ஐ' வந்தால் 'ஆம்' போட வேண்டும் என்றதும் நீங்கள்தானே?" என்று கேட்டார். நான் சொன்ன இரண்டு விதிகளையும் அவர் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். பிழை மூன்றாவது வாக்கியத்தில் இல்லை, முதல் பக்கத்தில் இருந்தது. அடுத்த இரண்டு வகுப்புகளுக்கு அவர் வரவில்லை. காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம், ஆனாலும் அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சேதம் அதோடு நிற்பதில்லை. 'இஸ்' என்றால் 'இருக்கிறது' எனும்போது, 'இஸ் நாட்' என்றால் 'இல்லை' என்று மாணவர் தாமாகவே முடிவு கட்டுகிறார். தமிழில் 'வரவில்லை', 'பிடிக்கவில்லை', 'தெரியவில்லை' என்று எங்கு பார்த்தாலும் 'இல்லை' தான். எனவே 'ஹி இஸ் நாட் கம்', 'ஐ ஆம் நாட் லைக்' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். பல வாரங்கள் கழித்து 'டூ, டஸ், டிட்' ஆகியவற்றைக் கற்பிக்க நாம் வரும்போது, அவை உட்கார வேண்டிய இடத்தில் 'இஸ்' ஏற்கெனவே குடியேறியிருக்கிறது. கேள்விகளும் 'ஆர் யூ லைக் மியூசிக்?' என்றே பிறக்கின்றன. 'எனக்குப் பசிக்கிறது' என்ற வாக்கியத்தில் தமிழ் வினையை வைத்திருக்கிறது, ஆங்கிலமோ 'ஐ ஆம் ஹங்க்ரி' என்று 'ஆம்' போடுகிறது; சமக்குறி அங்கேயும் கைவிடுகிறது. ஒரே ஒரு சமக்குறி, உடன்பாடு, எதிர்மறை, வினா என மூன்று வகை வாக்கியங்களையும் கெடுத்துவிட்டது.

அப்படியானால் இந்தத் தவறு ஏன் இன்னும் உயிரோடிருக்கிறது? காரணம் எளிது. 'அவன் வீட்டில் இருக்கிறான்', 'சட்டை அழுக்காக இருக்கிறது' என்பன போன்ற வாக்கியங்களில் சமக்குறி பொருந்துகிறது. இடத்தைச் சொல்லும்போதும், 'ஆக' சேர்த்துத் தன்மையைச் சொல்லும்போதும் தமிழுக்கு 'இரு' தேவைப்படுகிறது, ஆங்கிலத்துக்கும் 'இஸ்' தேவைப்படுகிறது. முதல் பாடத்துக்கு நாம் தேர்ந்தெடுக்கும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவைதாம். எனவே முதல் நாளில் எல்லாம் சரியாகவே நடப்பதுபோல் தோன்றுகிறது.

வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நாளைக்குப் பலகையில் என்ன எழுதுவது?" என்று கேட்டார். நான் செய்வது இதுதான். 'இஸ்' என்பதற்குத் தமிழில் பொருள் கொடுப்பதே இல்லை. பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஒருவர் செய்வதைச் சொல்லும் மூன்று வாக்கியங்களையும், மறுபக்கம் அவர் யார், எப்படிப்பட்டவர், எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லும் மூன்று வாக்கியங்களையும் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் 'ரீட்ஸ்', 'வாக்ஸ்', 'சிங்ஸ்' போன்ற வினை தனியாக நிற்கும், அதற்குத் துணை வேண்டாம். மறுபக்கத்தில் அப்படி ஒரு வினை இல்லை, அங்கே மட்டும் 'ஆம், இஸ், ஆர்' வரும். மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதும் முன் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: நான் செய்வதைச் சொல்கிறேனா, இல்லையா? தமிழில் வினைப்பயனிலை, பெயர்ப்பயனிலை என்று படித்தவருக்கு இதைப் புரிந்துகொள்ளக் கால் மணி நேரம் போதும். "'இஸ்' என்றால் என்ன சார்?" என்று யாராவது விடாமல் கேட்டால், 'அவர்' என்பதற்கும் 'ஆசிரியர்' என்பதற்கும் நடுவே நீங்கள் விடுகிற இடைவெளிக்கு ஆங்கிலத்தில் ஓசை உண்டு, அந்த ஓசைதான் 'இஸ்' என்று சொல்வேன்.

'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதை 'ஐ ஹேவ் எ பிரதர்' என்று முழு வாக்கியமாகவே கொடுக்க வேண்டும், சொல்சொல்லாகப் பிரிக்கக் கூடாது. 'தேர் இஸ் எ புக் ஆன் த டேபிள்' என்பதும் அப்படியே. 'போய்க்கொண்டிருக்கிறான்' என்பதைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, 'இஸ் கோயிங்' என்பதைப் பிரிக்க முடியாத ஒரே பொட்டலமாகக் கொடுங்கள். ஆங்கிலத்தில் 'பீ' என்ற இந்த வினைக்கு மட்டும் எட்டு வடிவங்கள் உண்டு. மற்ற வினைகளுக்கு அதிகபட்சம் ஐந்துதான். எட்டையும் முதல் வாரத்திலேயே பலகையில் பார்க்க வேண்டிய தேவை எந்த மாணவருக்கும் இல்லை.

வகுப்பில் தமிழே கூடாது என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். இங்கே கெடுத்தது தமிழ் அல்ல, அரைகுறையாகக் கொண்டுவரப்பட்ட தமிழ்.

முதல் மாதத்திலேயே 'எஸ்' என்ற எழுத்துக்காகச் சண்டை போடுவது

'ஷி கோ' என்று எழுதியவரைப் பார்த்து நாம் பல்லைக் கடிக்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே இது எளிதில் வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், பன்மையைக் காட்டும் 'எஸ்' முன்னதாகவும், வினையின் பின்னால் வரும் 'எஸ்' வெகு பின்னதாகவும் அவர்கள் வசப்பட்டதாகக் கண்டார்; ஓசை ஒன்றே, பாரம் வேறு. சொல்லிக் கொடுங்கள், திருத்துங்கள், ஆனால் அது நிலைப்படாமல் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டேன் என்று மட்டும் அடம்பிடிக்காதீர்கள்.

எழுவாயை விட்டுவிடுவதைச் சோம்பல் என்று நினைப்பது

'நேற்று வந்தேன்' என்பது தமிழில் முழுமையான வாக்கியம். 'ஏன்' என்ற விகுதியே வந்தவர் நான்தான் என்று சொல்லிவிடுவதால் எழுவாய் தோன்றாமல் நிற்கலாம். ஆங்கிலத்தில் 'கேம்' என்ற வினை யாருக்கும் சொந்தமில்லை. நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் அதே 'கேம்' தான். மாணவர் 'கேம் எஸ்டர்டே' என்று எழுதினால், 'ஐ எங்கே?' என்று கத்துவதை விட, 'யார் வந்தது?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

ஒரே நோட்டில் எல்லாப் பிழைகளையும் திருத்துவது

1967இல் மொழியியலாளர் பிட் கார்டர், அவசரத்தில் நேரும் பிசகு வேறு, கற்பவர் அந்தக் கட்டத்தில் உண்மையென்று நம்பும் விதியிலிருந்து பிறக்கும் பிழை வேறு என்று பிரித்துக் காட்டினார். சிவப்பு மை இந்த வேறுபாட்டை அறியாது. பத்து வாக்கியங்களில் இருபது வட்டங்கள் இட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்த முறை மாணவர் ஐந்து வாக்கியங்கள்தாம் எழுதுவார், அவையும் பாடப்புத்தகத்தில் இருந்தவையாக இருக்கும். 1996இல் ஜான் டிரஸ்காட் என்ற ஆய்வாளர், எழுத்துப் பயிற்சியில் இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்று வாதிட, டேனா ஃபெரிஸ் என்பவர் 1999இல் அதை மறுத்து எழுதினார். கைவிடும் அளவுக்கு நான் போகமாட்டேன். இந்த வாரம் எதைக் கற்பித்தேனோ அதை மட்டும் திருத்துவேன். மற்றவற்றைப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிவிடுவேன். அப்படித் தாண்டுவதற்குக் கை பழக வேண்டும். எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை.

கோடிட்ட இடங்களை நிரப்பவைப்பதோடு நிறுத்திக்கொள்வது

இருபதுக்கு இருபது வாங்கியவரிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்துப் பாருங்கள்.

தவறான வாக்கியத்தை எடுத்துக்காட்டாகப் பலகையில் எழுதுவது

வேண்டாம். கண்ணில் பதிவது அதுதான்.

'எ', 'த' இரண்டையும் முதல் நாளிலேயே விளக்குவது

இவற்றுக்கு நேரான சொற்கள் தமிழில் இல்லாததால் விளக்கம் நீளும், தெளிவு குறையும். ஒரு சிறு கைப்பிடி மட்டும் உண்டு. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம், அது 'எ புக்'. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த புத்தகம், அது 'த புக்'. இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' உருபு அஃறிணைப் பெயர்களில் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறது. செயப்படுபொருள் இல்லாத வாக்கியங்களுக்கு இது உதவாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

நீண்ட வாக்கியத்துக்கு அவசரப்படுவது

இரண்டு வாக்கியங்களை எப்படிச் சேர்ப்பது என்று மாணவரே வந்து கேட்கும் நாளில் 'பிகாஸ்' என்ற சொல்லைக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.