பள்ளிக்கு வரும் பணத்தைப் பற்றிக் கேட்பது எப்படி?

என் மகள் படிக்கும் பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன்.

முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள். சென்னையில் ராயபுரம், வியாசர்பாடி பக்கம் மாநகராட்சிப் பள்ளியும் உண்டு, அரசுப் பள்ளியும் உண்டு. முன்னதை மாநகராட்சிக் கல்வித் துறை நடத்துகிறது. பின்னது பள்ளிக்கல்வித் துறையின் பொறுப்பு. மனுவை இடம் மாற்றிக் கொடுத்தால் மாதங்கள் வீணாகும்.

அடுத்தது பணம். சென்னையில் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியில் கல்வி வரியும் அடக்கம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்றே நான் சொல்வேன். தயங்காதீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று செலவைப் பகிர்கின்றன. அதன் விதிப்படி 101 முதல் 250 மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். 251 முதல் 1,000 வரை என்றால் 75,000.

இந்த மானியச் செலவைக் கண்காணிக்கும் உரிமையை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தந்திருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் வாயால் சொல்வது காற்றோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்: எது பழுது, எத்தனை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா.

எங்கள் தீர்மானம் நான்கே வரி. இப்போது மூன்று கதவுகளிலும் தாழ்ப்பாள் இருக்கிறது.