கண்ணாடி போட்ட குழந்தைக்குக் குறி பார்க்கக் கற்றுக்கொடுக்க

"இலக்கு மங்கலா இருக்கு." கண்ணாடி போட்ட குழந்தை ஏர் ரைஃபிளை (காற்றழுத்தத் துப்பாக்கி) பிடித்த முதல் நாளில் பெரும்பாலும் இதைத்தான் சொல்லும். உடனே கண்ணாடி பவரைச் சந்தேகப்படாதீர்கள். ஓரளவு மங்கலாகத் தெரிவதுதான் சரி. காரணத்தைப் படி 3-ல் சொல்கிறேன்.

அதற்கு முன் பாதுகாப்பு. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும், சுடும் நொடி வரை விரல் விசையைத் தொடக்கூடாது. லென்ஸ் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாக இருப்பது நல்லது. பெல்லட் (அதில் போடும் குட்டிக் குண்டு) பெரும்பாலும் ஈயம், அதனால் பயிற்சி முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

படி 1: எந்தக் கண்?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கைகளை நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை அமைத்து, அதன் வழியே தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் குறி பார்க்கும் கண். வலது கைக்காரக் குழந்தைக்கு இடது கண் வந்தால், ஆரம்பத்திலேயே இடது தோளில் பிடித்துப் பார்க்கலாமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

படி 2: தலை நிமிரட்டும்

கண்ணாடிக்காரர்களுக்கு முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான். துப்பாக்கியை நோக்கித் தலையைக் கவிழ்த்தால், பார்வை லென்ஸின் நடுவே போகாமல் மூக்கோரத்து மேல் மூலை வழியாகப் போகும். அங்கே பிம்பம் விலகும், கோணும். பவர் கூடக்கூட இது அதிகம். அதனால் தலையைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகாமல் துப்பாக்கியை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். பெல்லட் போடாத துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். கண் ஃபிரேமின் மேல் விளிம்பை ஒட்டிப் பார்த்தால் கன்னம் வைக்கும் கட்டையையும் குறிகளையும் (துப்பாக்கியின் மேல் குறி பார்க்க உதவும் பாகங்கள்) உயர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடி வழுக்கினால் பின்தலையில் ஒரு பட்டை போதும்.

படி 3: முன் குறிதான் தெளிவு

கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்க முடியும். குழல் முனையில் உள்ள முன் குறியின் வளையம் பளிச்சென்று இருக்கட்டும், இலக்கு மங்கட்டும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான இடம் 0.5 மில்லிமீட்டர் அகலம்தான். அதை யாரும் கண்ணால் பார்த்துச் சுடுவதில்லை. இலக்கின் 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் வளையத்தின் நடுவில் நிற்கிறதா, சுற்றிலும் வெள்ளை ஒரே அளவா? அது போதும். இதை விளக்கிவிட்டால் குழந்தையின் பாதிப் பயம் போய்விடும்.

படி 4: மற்றக் கண்

இறுக்கி மூடவிடாதீர்கள், முகம் களைத்துவிடும். அந்த லென்ஸின் மேல் ஒளி புகும் வெள்ளை டேப் ஒட்டுங்கள். கறுப்பு அட்டை வேண்டாம். ஒரு கண் இருட்டில் இருந்தால் குறி பார்க்கும் கண்ணின் பாவையும் விரியும்.

படி 5: சுடுவது

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தட்டும். ஏழெட்டு நொடி தாண்டினால் இறக்கிவிட்டு, கண் சிமிட்டி, அப்புறம் மறுபடி தொடங்கலாம்.

துப்பாக்கி சுடுவதற்கென்றே உள்ள ஒற்றை லென்ஸ் கண்ணாடியை இப்போதே வாங்க வேண்டியதில்லை. வளரும் வயதில் பவர் மாறிக்கொண்டே இருக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடுதான் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்றார். பிறகு வாங்குவதாக இருந்தால், கண்ணிலிருந்து முன் குறி வரை உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொண்டு கண் பரிசோதகரிடம் போங்கள். அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி அவர் பவரைச் சற்று மாற்றித் தருவார்.